பிரேக்கக்காவின் நோன்பில்லாத வாரம்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அழகானதுதான். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்தப் பெயர் அடையாள அட்டையோடு நின்றுபோனது. மற்றபடி எல்லோருக்கும் அவள் பிரேக்கக்கா. பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதைக் காலால் மிதிப்பதற்கு முன் வாயால் மிதித்துவிடுவது அவள் வழக்கம். "பிரேக்" என்று அவள் போடும் ஒரு சத்தத்தில் ஓட்டுகிறவர் நிற்பது இருக்கட்டும், எதிர்ச்சாரியில் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும் சைக்கிள்காரரும் காலை ஊன்றி நின்றுவிடுவார். இதை அவளே சொல்லிச் சிரிப்பாள். மற்றவர்கள் கேலி செய்வதற்குள் தானே செய்துகொண்டால் வலி பாதியாகக் குறையும் என்று கண்டுவைத்திருந்தாள்.

அந்த வருடம் ரமலான் பிறப்பதற்கு முன்பு தையல்கார மாமி அவளைக் கடைக்கு வரச் சொன்னார். மாமிதான் பள்ளிவாசலின் பெண்கள் குழுவுக்குத் தலைவி. கழுத்தில் எப்போதும் அளவு நாடா, உதட்டோரம் எப்போதும் குண்டூசி. குண்டூசியை விழுங்கிவிடக் கூடாதே என்றோ என்னவோ, அதிகம் பேசமாட்டார்.

"வயசுப் பொண்ணுங்க ரமலானைச் சும்மா கழிக்கிறாளுங்க. பாதி நாள் தூக்கம், பாதி நாள் போன். சனி, ஞாயிறு மத்தியானம் பள்ளிவாசல் மாடில கூட்டி வெச்சு நாலு நல்லது சொல்லணும். நீ சொல்லு."

"நானா மாமி? எனக்கு என்ன தெரியும்?"

"உனக்குத்தான் அந்த வயசுப் பிள்ளைங்க பழக்கம்."

அந்த வயதுப் பிள்ளைகளோடு அவளுக்கு இருந்த பழக்கமெல்லாம் "கிளச்சை விடு", "ஐயோ விடாத" என்ற இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கிவிடும். ஆனாலும் மறுக்க மனம் வரவில்லை. உள்ளுக்குள் குளிர்ந்துபோய்விட்டாள். இத்தனை பேர் இருக்க மாமி தன்னைத் தேர்ந்தெடுத்ததற்கு ஏதோ காரணம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே, நெஞ்சை நிமிர்த்தி வீட்டுக்கு நடந்தாள். மாமி ஏற்கெனவே மூன்று பேரைக் கேட்டு மூவரும் கையை விரித்துவிட்ட பிறகுதான் தன்னிடம் வந்தார் என்பது அவளுக்குப் பெருநாளுக்குப் பிறகுதான் தெரியவந்தது.

கணவர் குளிர்சாதன மெக்கானிக். அமைதியான மனிதர். சேதியைக் கேட்டதும், "உன்னையா?" என்றார். ஒரே ஒரு சொல். அதற்குள் இருபது வருட இல்வாழ்க்கையின் அனுபவம் முழுவதையும் அடக்கியிருந்தார்.

முதல் சனிக்கிழமை பத்துப் பன்னிரண்டு பெண் பிள்ளைகள் வந்திருந்தார்கள். மாடி அறையில் சுருட்டி வைத்த பாய்கள், மெதுவாகச் சுற்றும் மின்விசிறி, கீழே செருப்பு வைக்கும் இடத்தைப் பார்த்த ஒரு ஜன்னல். பிரேக்கக்கா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இரவெல்லாம் யோசித்து வைத்திருந்ததைத் தொடங்கினாள்.

"ரமலான்ங்கிறது ஒரு ஹைவே மாதிரி. மத்த பதினோரு மாசமும் சந்துபொந்துல ஓட்டுறோம். இந்த மாசம் மட்டும் சிக்னலே இல்லாத ரோடு. ஆக்சிலேட்டரை மிதிச்சோம்னா போய்க்கிட்டே இருக்கலாம்."

முன்வரிசையில் தடித்த கண்ணாடி போட்ட ஒருத்தி கையைத் தூக்கினாள். எதையும் கேள்வி கேட்காமல் விடமாட்டாள் என்று முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது.

"அக்கா, ஹைவேலதானே டிரைவருங்க தூங்கிடுவாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். பிரேக்கக்காவும் சிரித்துவைத்தாள். அதற்குப் பிறகு ரமலான் என்ற ஹைவேயில் வண்டி எங்கே போகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. போன் பார்க்காதே என்றாள், புறம் பேசாதே என்றாள், ஒவ்வொரு நாளும் கொஞ்சமாவது ஓது என்றாள். எல்லாம் அந்தப் பிள்ளைகள் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து கேட்டு வருவதுதான். ஒருத்தி கொட்டாவி விட்டாள். அது பக்கத்தில் இருந்தவளுக்குத் தாவி, வரிசை முழுக்கச் சுற்றிக்கொண்டு கடைசியில் பேசிக்கொண்டிருந்தவளிடமே வந்து சேர்ந்தது.

அன்றைக்கு அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல் சுவரோரம் உட்கார்ந்திருந்த நெட்டைப் பெண். கூட்டத்திலேயே உயரமானவள், மருந்துக்கடைக்காரரின் மகள். தோழிகள் அவளை நெட்டை என்றுதான் கூப்பிட்டார்கள். பிரேக்கக்கா எதைச் சொன்னாலும் அவள் தலையை ஆட்டினாள். ஞாயிற்றுக்கிழமையும் வந்து ஆட்டினாள். ஒரு பேச்சாளருக்கு வேறென்ன வேண்டும்? அந்த ஒரு தலையை நம்பித்தான் அடுத்த வாரத்துக்கும் பேச்சைத் தயார் செய்தாள்.

அடுத்த சனிக்கிழமை அந்தத் தலையைக் காணவில்லை. வந்திருந்ததே பாதிப் பேர்தான். பிரேக்கக்காவுக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்ததும், பிள்ளைகளுக்காகத் தொடங்கியிருந்த வாட்ஸாப் குழுவில் குரலைப் பதிவு செய்து அனுப்பினாள்.

"ரமலான்லயே வர மனசில்லைன்னா வேற எப்ப வரப்போறீங்க? வருஷம் பூரா லீவு எடுத்துக்கங்க, யாரு கேக்கப்போறா? இந்த மாசத்துக்கு மட்டும் லீவே கிடையாது. உயரமா வளர்ந்தா போதாது, பொறுப்பும் வளரணும்."

கடைசி வாக்கியம் பேசும்போதே தானாக வந்து விழுந்தது. அனுப்பிய பிறகு தானே இரண்டு முறை போட்டுக் கேட்டாள். நன்றாக வந்திருக்கிறது என்றே தோன்றியது. குழுவில் யாரும் வாயைத் திறக்கவில்லை. நன்றாக உறைத்திருக்கிறது என்று அதையும் தன் கணக்கிலேயே வரவு வைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிறு காலை அவளுக்கே மாதவிடாய் வந்துவிட்டது.

அந்த நாட்களில் பெண்களுக்கு நோன்பு இல்லை, தொழுகை இல்லை. விட்ட நோன்பைப் பிறகு பிடித்துக்கொள்ளலாம். பள்ளிவாசலுக்குள் போய் உட்காரவும் கூடாது. வகுப்பு நடப்பதோ பள்ளிவாசல் மாடியில். என்ன செய்வது? குழுவில், "கார் டயர் பஞ்சர். இன்னிக்கு வகுப்பு இல்ல" என்று போட்டாள். நேற்றுப் பேசிய பேச்சுக்கும் இதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தனக்கு இருப்பது காரணம், மற்றவர்களுக்கு இருப்பது சாக்கு. மனம் அப்படித்தான் பிரித்து வைத்திருந்தது.

இந்த ஒரு வாரத்தை அவள் ஒவ்வொரு வருடமும் திருடியைப் போலத்தான் கழித்து வந்தாள். கணவருக்குத் தெரியும். ஆனால் வீட்டில் வளர்ந்த மகன் இருக்கிறான். அவனுக்கு எதிரில் எப்படிச் சாப்பிடுவது? விடியற்காலையில் அவர்களோடு எழுந்து உட்கார்ந்து, நோன்பு வைக்கப்போகிறவளைப் போலவே சாப்பிடுவாள். மத்தியானம் பசித்தால் ஒதுங்க இடமில்லை. இரண்டே அறைகள், கதவில்லாத சமையலறை. அதனால் தன் பொறுப்பில் விட்டிருந்த பயிற்சிக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். கடைத்தெருவின் முனையில் பல அடுக்கு வாகன நிறுத்தம் ஒன்று உண்டு. மேல் தளத்தில் வெயில் பொரியும் என்பதால் யாரும் வரமாட்டார்கள். அங்கே ஒரு தூணோரம் நிறுத்தி, இருக்கையைப் பின்னால் சாய்த்து, ஜன்னலுக்குக் கீழே தலை இருக்குமாறு படுத்துக்கொண்டு பன் தின்பாள். காரின் கூரையிலோ பயிற்சிப் பள்ளியின் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய மஞ்சள் பலகை. நான்கு புறமும் சிவப்பு எழுத்து. ஒளிந்துகொள்வதற்கு இதைவிடப் பொருத்தமில்லாத வண்டியை யாரும் தயாரித்திருக்க முடியாது.

அன்றைக்கும் அப்படித்தான் படுத்துக்கொண்டு பன்னை ஒரு கடி கடித்தாள். மாடிப்படிக் கதவருகில், சுவரைப் பார்த்தபடி யாரோ குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பது கண்ணாடியில் தெரிந்தது. தோள்கள் லேசாக அசைந்தன. யாருக்கோ உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று பதறிக் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். காலடிச் சத்தம் கேட்டு அந்த உருவம் திரும்பியது.

நெட்டை. கையில் பிஸ்கட் பொட்டலம்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். இருவர் வாயும் நிறைந்திருந்ததால் கொஞ்ச நேரம் யாராலும் பேச முடியவில்லை. நெட்டைதான் முதலில் விழுங்கி முடித்தாள். காரை எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, டயர் நல்லாத்தானே இருக்கு?"

பிரேக்கக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. பன் தொண்டையில் பாதி வழியில் நின்றுகொண்டது. இருமி, தண்ணீருக்காகக் காருக்கு ஓடிப்போய்க் குடித்து, திரும்பி வருவதற்குள் எல்லாம் ஒன்றாக விளங்கிவிட்டது.

"பஞ்சரானது டயர் இல்லம்மா. நான்தான்" என்றாள். பிறகு, "நேத்து நீ வராதது..."

"ஆமாக்கா."

"அந்த மெசேஜ்..."

"கேட்டேன். உம்மா ஸ்பீக்கர்ல போட்டாங்க. அண்ணனுங்க மூணு பேரும் இருந்தாங்க. எல்லாரும் சேர்ந்து ஏன் போகலைன்னு கேட்டாங்க. அதான் இன்னிக்கு வகுப்புக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். வழியிலதான் பஞ்சர்னு பார்த்தேன்."

அவள் குரலில் கோபமோ அழுகையோ இல்லை. பேருந்து எத்தனை மணிக்கு வரும் என்று சொல்கிற குரல். அதுதான் பிரேக்கக்காவை அதிகமாகச் சுட்டது. நாற்பது வயதைத் தாண்டியவள். அந்தப் பெண்ணுக்கு இருக்கும் உடம்புதான் தனக்கும். அதே பள்ளிவாசல், அதே படிக்கட்டு. இருந்தும் ஒரு பெண் ஏன் வரவில்லை என்பதற்கு அந்த ஒரு காரணம் மட்டும் புத்திக்கு எட்டவில்லை. 'உயரமா வளர்ந்தா போதாது' என்ற தன் வாக்கியம் இப்போது காதுக்குள் திரும்பத் திரும்ப ஓடியது. நாக்கைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொள்ள முடிந்தால் போட்டுக்கொண்டிருப்பாள்.

"தப்புப் பண்ணிட்டேன்மா. யோசிக்காம பேசிட்டேன். எனக்கு வாய் முன்னாடி போகும், புத்தி பின்னாடி பஸ்ஸுல வரும்."

நெட்டை சிரித்தாள். சிரித்ததும் இருவரும் காருக்குள் போய் உட்கார்ந்தார்கள். பன்னும் பிஸ்கட்டும் பொதுவாயின. பிளாஸ்கில் இருந்த டீயை மூடியில் ஊற்றி மாற்றி மாற்றிக் குடித்தார்கள்.

"வீட்ல எங்க சாப்பிடுவ?"

"பாத்ரூம்லதான். பிஸ்கட் கடிக்கிற சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு குழாயைத் திறந்து விட்டுக்குவேன். தண்ணி எவ்வளவு செலவாகுதுன்னு வாப்பா திட்டிக்கிட்டே இருக்காங்க."

டீ மூடியை நீட்டிவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"அது கூடப் பரவாயில்லக்கா. பழகிடுச்சு. எல்லாரும் நோன்பு, தொழுகை, ஓதுறதுன்னு இருக்காங்க. நான் மட்டும் கதவுக்கு வெளிய நிக்கிற மாதிரி இருக்கு. உள்ள வரக் கூடாதுன்னு யாரும் சொல்லல. ஆனா உள்ள போக எனக்கு ஒரு வேலையும் இல்ல. இந்த வாரத்துல நான் என்னக்கா பண்ணணும்?"

பிரேக்கக்கா வாயைத் திறந்தாள். ஹைவே பற்றிய ஓர் உவமை நாக்கின் நுனியில் தயாராக நின்றது. அதை அப்படியே விழுங்கினாள். அந்த மாதத்தில் அவள் செய்த முதல் உருப்படியான காரியம் அதுதான்.

"எனக்குத் தெரியலம்மா. நான் இத்தனை வருஷமா இந்த வாரத்தைத் தூங்கித்தான் ஓட்டியிருக்கேன்" என்றாள்.

அன்று மாலையே குழுவுக்கு இன்னொரு பதிவு போனது. ஆறு முறை அழித்துவிட்டு ஏழாவதாகப் பேசியது. "நேத்து நான் பேசினது தப்பு. வராததுக்கு அவங்கவங்களுக்குக் காரணம் இருக்கும். மாடிக்கு வர முடியாத நாள்ல யாரும் எனக்குக் காரணம் சொல்லவேண்டாம். நாளைக்கு ஸ்கூல் விட்டதும் அரை மணி நேரம் கார் பார்க்கிங் மேல் தளத்துல என் கார் நிக்கும். அங்க வரலாம்." கேட்ட அம்மாக்களுக்குப் புரிந்தது. அண்ணன்களுக்குப் புரியவில்லை. கண்ணாடி போட்டவளிடமிருந்து மட்டும் பதில் வந்தது: "ஏசி உண்டா?"

திங்கட்கிழமை நெட்டையோடு இன்னும் இருவர் வந்தார்கள். பின்னிருக்கையில் நெருக்கியடித்து உட்கார்ந்து, யாரும் பார்க்காமல் தின்கிற சந்தோஷத்தில் முதல் நாள் எதுவும் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை கண்ணாடி போட்டவளும் வந்து முன்னிருக்கையில் ஏறிக்கொண்டாள்.

"நீயுமாம்மா?"

"இல்லக்கா, எனக்கு நோன்புதான். சும்மா பார்க்க வந்தேன். எங்க பெரியம்மா மதரஸால பாடம் எடுக்கிறாங்க. அவங்ககிட்ட எல்லாம் கேட்டுட்டு வந்தேன்." மூச்சு விடாமல் ஒப்பித்தாள். இறைவனிடம் துஆ கேட்கலாம், அவன் பெயரைச் சொல்லித் திக்ரு செய்யலாம், நபிகளை வாழ்த்தி ஸலவாத்து ஓதலாம், யாராவது குர்ஆன் ஓதினால் உட்கார்ந்து கேட்கலாம், தர்மம் கொடுக்கலாம். "அப்புறம், ஒரு நோன்பாளியை நோன்பு திறக்க வெச்சா, அவங்களுக்குக் கிடைக்கிற நன்மை நமக்கும் அப்படியே கிடைக்கும். நோன்பு வெச்சவங்கதான் அதைச் செய்யணும்னு எங்கயும் சொல்லல."

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றாள் பிரேக்கக்கா.

நான்கு பேரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள்.

"சரி, சொல்ல வரல. எனக்கும் தெரிஞ்ச விஷயம்தான். இந்த வாரத்தோட சேர்த்துப் பார்க்கத் தோணல."

அன்றைக்குத்தான் மேல் தளத்தில் யாரோ அவர்களைப் பார்த்துவிட்டார்கள். மஞ்சள் பலகை இருக்கும்போது பார்க்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். நோன்பு மாதத்தில், பட்டப்பகலில், பள்ளிவாசல் பிள்ளைகளைக் காரில் வைத்துத் தின்னக் கொடுக்கிறாள் என்று சேதி தையல்கார மாமியின் காதுக்குப் போய்விட்டது. புதன்கிழமை காலையில் அழைப்பு வந்தது. பிரேக்கக்கா உடனே கிளம்பினாள். வழியெல்லாம் நல்ல பதில்களாக யோசித்துக்கொண்டு போனாள். தையல் கடையின் படியில் கால் வைத்ததும் ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை.

மாமி தையல் இயந்திரத்தை நிறுத்தினார். குண்டூசியை எடுத்துத் திண்டில் குத்தினார்.

"கார்ல பிள்ளைங்களுக்குச் சாப்பாடு குடுக்கிறியாமே?"

"நோன்பு இல்லாத பிள்ளைங்கதான் மாமி. வீட்ல சாப்பிட இடமில்ல. ஒருத்தி பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டுச் சாப்பிடுறா. நானும்..." என்று இழுத்தவள், இழுத்ததே இழுத்தது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். குரல் பதிவு, பஞ்சர், தூண், பன் எல்லாம்.

மாமி கேட்டு முடித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எழுந்து பின்னால் போய், பூப்போட்ட லைனிங் துணி ஒரு சுருளைக் கொண்டுவந்து மேசையில் போட்டார்.

"கார் ஜன்னல் அளவு என்ன?"

"எதுக்கு மாமி?"

"நோன்பாளிங்க கண்ணெதிர்ல சாப்பிடறது மரியாதையில்ல. அதுக்காகப் பட்டினி கிடக்கணும்னும் இல்ல. திரை போட்டுக்கோ."

வியாழக்கிழமை திரை தயாராகிவிட்டது. பின்பக்கக் கண்ணாடிக்கும் சேர்த்துச் சுருக்கம் வைத்து அழகாகத் தைத்திருந்தார். அவசரத்தில் அதைக் கழற்ற வழிவைக்காமல் இழுத்துக் கட்டியதுதான் வினை. அன்று ஓட்டிப் பழக வந்த வங்கி ஊழியர் நடுக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "பின்னாடி ஒண்ணுமே தெரியலையே மேடம்" என்றார். கண்ணாடி பார்க்காமல் வண்டியை நகர்த்தியதற்காக எத்தனையோ பேரை அழவைத்தவள், "பின்னாடி பார்க்க ஒண்ணும் இல்ல சார், முன்னாடி பாருங்க" என்றாள். சொல்லி முடித்ததும் அவளுக்கே உடம்பு கூசியது. பயிற்சிப் பள்ளி முதலாளி வாசலில் நின்று வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இது காரா, பல்லக்கா?" என்று கேட்டார். அன்று சாயங்காலமே திரைக்குக் கொக்கி வைக்கப்பட்டது.

ஆனால் மாமி திரையோடு நிறுத்தவில்லை. தினமும் மாலை பள்ளிவாசல் முற்றத்தில் நோன்பு திறக்க வருகிற மாணவர்களுக்கும் வேலையாட்களுக்கும் பழமும் சூப்பும் கொடுப்பார்கள். அதைத் தயார் செய்வது மாமியின் கடைக்குப் பின்னால் இருந்த அறையில். மாமியும் வேறு இரண்டு பெண்களும் நோன்போடு நின்று வெட்டி, வேகவைத்து, தூக்கிக் கொடுப்பார்கள்.

"அந்தப் பிள்ளைங்களுக்கு வேலை வேணும்னா இங்க வரச் சொல்லு. நாங்க மூணு பேரும் நோன்பு வெச்சுக்கிட்டுக் குத்துமதிப்பா உப்புப் போடுறோம். போன வெள்ளிக்கிழமை சூப்பைக் குடிச்சவங்க ராத்திரி முழுக்கத் தண்ணி குடிச்சாங்களாம். ருசி பார்க்க ஒரு ஆள் வேணும்."

அப்படித்தான் நெட்டைக்கு உத்தியோகம் கிடைத்தது. மறுநாள் கரண்டியில் சூப்பை எடுத்து ஊதி, கண்ணை மூடி, நாக்கில் வைத்தாள். அறையில் இருந்த எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார்கள். "இன்னும் ஒரு சிட்டிகை" என்றாள். மாமி, ஊரையே விரலசைவில் வைத்திருக்கும் மாமி, மறுபேச்சில்லாமல் ஒரு சிட்டிகை போட்டார். காருக்கு வந்துகொண்டிருந்த மற்ற இரண்டு பிள்ளைகளும் தண்ணீர்ப் பெட்டிகளைத் தூக்கினார்கள், தர்பூசணி வெட்டினார்கள். தெம்பாக இருந்தவர்கள் அவர்கள்தானே. யாரோ போனில் குர்ஆன் ஓதலைப் போட்டு ஜன்னலோரம் வைத்தார்கள். வெட்டிக்கொண்டே கேட்டார்கள். 'லீவுக் கோஷ்டி' என்று தங்களுக்கு ஒரு பெயரும் வைத்துக்கொண்டார்கள். பிரேக்கக்காவின் முதல் குரல் பதிவிலிருந்து எடுத்த பெயர் அது என்பதை யாரும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்கு உறைத்தது.

காலியான சூப்புப் பாத்திரத்தைப் பிரேக்கக்கா கழுவக் கொண்டுவந்தபோது நெட்டை கேட்டாள், "மிச்சம் இருக்காக்கா?"

"துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு."

அவள் எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். பிறகு மெதுவாக, "உம்மா நேத்தே அண்ணனுங்ககிட்ட சொல்லிட்டாங்கக்கா. 'அவளுக்கு இந்த வாரம் நோன்பு இல்ல, யாரும் கேள்வி கேக்காதீங்க'ன்னு. இப்ப நான் சமையலறையிலயே சாப்பிடறேன். நீங்க உங்க வீட்ல சொல்லிட்டீங்களா?" என்றாள்.

பிரேக்கக்கா பாத்திரத்தை ரொம்ப அழுத்தித் தேய்த்தாள்.

பிள்ளைகளுக்கு வழி சொல்லிவிட்டு அன்று மத்தியானமும் அவள் தூணோரம் போய்த்தான் சாப்பிட்டிருந்தாள். சனிக்கிழமை, கடைசி நாள், ஒரு முடிவோடு சமையலறையில் உட்கார்ந்தாள். ரொட்டி, டீ, எல்லாம் மேசையில் பகிரங்கமாக. மகன் கேட்டால் சொல்வதற்கு மார்க்கமும் அறிவியலும் கலந்து ஒரு விளக்கம் தயார். எஞ்சின், சர்வீஸ் என்று ஓரிரண்டு உவமைகளும் உள்ளே இருந்தன. கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் கை தானாகவே ரொட்டியை முந்தானைக்குள் இழுத்தது. அதைக் கஷ்டப்பட்டு வெளியே எடுத்து மறுபடி தட்டில் வைத்தாள்.

மகன் வந்தான், பார்த்தான், பையைக் கழற்றினான்.

"உம்மாவுக்கு நோன்பு இல்லப்பா. ஏன்னா..." என்று தொடங்கினாள்.

"தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"வருஷா வருஷம் ரமலான்ல ஒரு வாரம் உங்க கார் சீட்டு முழுக்க பன் தூள் கிடக்கும். நான்தானே கழுவுறேன்." அறைக்குள் போகும்போது திரும்பி, "டீ ஆறுது பாருங்க" என்றான்.

அவள் உட்கார்ந்தபடியே இருந்தாள். எத்தனை வருடங்கள். எத்தனை வெயில். கழுத்து பிடித்துக்கொண்டு தைலம் தேய்த்த மாலைகள் எத்தனை. எல்லாவற்றையும் நினைத்தபோது முதலில் அவமானமாக இருந்தது, பிறகு சிரிப்பு வந்தது, சிரிப்பில் டீ மூக்கில் ஏறியது. உள்ளறையிலிருந்து கணவர், "என்ன சத்தம்?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லீங்க, உங்க பொண்டாட்டி புத்திசாலின்னு நினைச்சுக்கிட்டிருந்தா" என்றாள்.

மறுவாரத்திலிருந்து அவளுக்கு நோன்பு திரும்பிவிட்டது, மாடி வகுப்பும் தொடர்ந்தது. ஆனால் அவள் பேச்சைக் குறைத்துவிட்டாள். பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தங்களுக்கு எது கஷ்டமாக இருக்கிறது என்று சொன்னார்கள். தொழுகையில் மனம் நிற்பதில்லை என்றாள் ஒருத்தி. ஓதுகிறேன், ஒரு வார்த்தையும் விளங்கவில்லை என்றாள் இன்னொருத்தி. ஒருத்திக்குப் பள்ளிக்கூடத்தில் தோழிகள் சாப்பிடும்போது எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை. பிரேக்கக்கா பாதிக் கேள்விகளுக்குத் தெரியாது என்றாள். கண்ணாடியின் பெரியம்மாவிடம் கேட்டு வரச் சொன்னாள். நாளுக்கொருத்தி லீவுக் கோஷ்டிக்குப் போய் வந்தாள். போகிறவள் வாசலில் நின்று, மாடிக்கு ஏறுகிறவர்களிடம் "இன்னிக்கு உப்பு நான்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

பெருநாள் முடிந்து எல்லாம் அடங்கிய பிறகு, விட்ட நோன்புகள் பாக்கி இருந்தன. பிரேக்கக்கா அவற்றை ஒவ்வொரு வருடமும் தள்ளிப்போட்டு, அடுத்த ரமலான் வாசலில் வந்து நிற்கும்போது அரக்கப்பரக்க முடிக்கிறவள். குளிர்காலம் வரட்டும், வேலை குறையட்டும் என்று அவளிடம் சாக்குகள் எப்போதும் கைவசம் உண்டு. இந்த வருடம் நெட்டை விடவில்லை. "தனியா வெச்சா சோம்பல் வருதுக்கா. திங்கட்கிழமை திங்கட்கிழமை எல்லாரும் சேர்ந்து வெச்சிடலாம்" என்றாள்.

எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற சாதாரண மாதத்தில் நோன்பு வைப்பது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் தெரிந்தது. முதல் திங்கட்கிழமை பயிற்சிக்கு வந்த வங்கி ஊழியர் அன்போடு தேநீர் வாங்கி நீட்டினார். வேண்டாம் என்றதும், "உடம்பு சரியில்லையா மேடம், இன்னிக்கு நீங்க இன்னும் ஒரு தடவைகூடக் கத்தலையே" என்று கவலைப்பட்டார். அடுத்த திருப்பத்திலேயே அவருடைய கவலையைத் தீர்த்துவைத்தாள்.

மாலையில் தையல் கடையின் பின்னறையில் கூடினார்கள். பிரேக்கக்கா, நெட்டை, இன்னும் மூன்று பெண்கள். ஒரு தட்டில் பேரீச்சம்பழம், ஒரு குடுவைத் தண்ணீர். கண்ணாடி தனக்குப் பாக்கி இல்லாவிட்டாலும் நேரம் பார்த்துச் சொல்ல வந்திருந்தாள். மாமி முன்னால் தைத்துக்கொண்டிருந்தார். நேரம் நெருங்கியபோது இயந்திரச் சத்தம் நின்றது. மாமி உள்ளே வந்து, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, அவர்களோடு உட்கார்ந்தார். தட்டிலிருந்து ஒரு பழத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

பிரேக்கக்கா வியப்போடு, "நீங்களுமா மாமி? உங்களுக்கெல்லாம் இப்ப எங்க பாக்கி?" என்று கேட்டாள்.

"கல்யாணமான புதுசு, கைக்குழந்தைங்க, அந்தக் காலத்துப் பாக்கி" என்றார் மாமி. "எத்தனைன்னு மட்டும் கேக்காத."

நெட்டை தன் பக்கத்திலிருந்த தண்ணீர்க் குவளையை மாமியின் பக்கம் நகர்த்தி வைத்தாள்.